பெருமாள் நிமிர்ந்து உட்கார்ந்த விஷயமாக

ஸ்ரீ:

வெண்மணல்பாக்கம்,
மகாபலிபுரம் வழி.
பிங்கள வருஷம், மாசி 4, வியாழக்கிழமை.

சிரஞ்சீவி உப்பிலிக்கு, அத்திம்பேர் பாஷ்யம் செய்யும் அநேக ஆசீர்வாதம். பெருமாள் கடாட்சத்தில் இவ்விடம் நானும் உன் அக்கா ரங்கநாயகியும் சரீர சௌக்கியமாக இருக்கிறோம். மனசு சௌக்கியம் பற்றி நீ கேட்கவேண்டாம், கீழே நானே சொல்கிறேன். அவ்விடம் உன் க்ஷேமத்தையும், சௌபாக்கியவதி காமுவின் க்ஷேமத்தையும், அம்பத்தூரில் சேஃப்டி ஆபீசராக இருந்து நீ காப்பாற்றிவரும் கம்பெனி வேலையாட்களின் கை, கால், இடுப்பு, முதுகெலும்பு ஆகியவற்றின் க்ஷேமத்தையும் அறிய ஆவலாயிருக்கிறேன். அக்காவுக்கு நீ எழுதின கடிதம் வந்தது. அதில் கடைசி வரியில், "நான் சொன்னபடி கோயிலில் செய்தீர்களா, பலன் எப்படி?" என்று கேட்டிருந்தாய். பலனைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்றால் நீ சொல்லிக்கொடுத்த மாதிரி முதுகை நிமிர்த்தி, பாதம் தரையில் பதிய உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, பலகையை மடியில் போட்டுக்கொண்டு என் இஷ்டத்துக்கு உட்கார்ந்திருக்கிறேன்.

நிற்க. வருகிற புதன்கிழமை மாசி மகம். அன்றைக்கு நம் பெருமாள் கடலுக்கு எழுந்தருளித் தீர்த்தமாட வேண்டும். சுற்றுவட்டாரத்துக் குப்பம் அத்தனையும் கரையில் கூடி நிற்கும்; பெருமாள் தண்ணீரில் இறங்கின பிறகுதான் ஜனங்கள் முழுக்குப் போடுவார்கள். சின்னக் கோயில், சின்னப் பெருமாள், இருந்தாலும் வாகனமும் தண்டும் சேர்ந்தால் நாலு பேர் தோள் வேண்டும். இன்றைய தேதிக்கு மூன்று தோள்தான் இருக்கிறது. நாலாவது தோள் குப்பத்துப் பக்தவச்சலத்தினுடையது. அவனுடைய வலது கை மரத்துப்போய்க் கிடக்கிறது. இன்னொரு தடவை தண்டைத் தோளில் வைத்தால் அந்தக் கை பேருக்குத் தொங்குமே தவிர வேலைக்கு ஆகாது என்று செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். வலை இழுக்கிறவனுக்கு வலது கை போனால் அப்புறம் என்ன பிழைப்பு? ஆக, ஒன்று பெருமாள் கடலுக்குப் போகமாட்டார், இல்லையென்றால் பக்தவச்சலம் இனிமேல் கடலுக்குப் போகமாட்டான். இத்தனைக்கும் காரணம் நீ. பதறாதே, கை மரத்துப்போனதற்கு நீ காரணம் இல்லை. அது மரத்துப்போயிருக்கிறது என்று கண்டுபிடித்ததற்கு நீ காரணம். நீ கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் அவன் பாட்டுக்கு மரத்த கையோடு பெருமாளைத் தூக்கிக்கொண்டிருப்பான், நான் பாட்டுக்கு மணியம் என்ற பெயரில் குடைக்குப் பக்கத்தில் கையை வீசிக்கொண்டு நடந்துகொண்டிருப்பேன்.

பொங்கலுக்கு வந்தவன் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாம். மறுநாள் கனு அன்றைக்குப் புறப்பாட்டில் பெருமாளைச் சேவிக்காமல் தூக்குகிற நாலு பேரையே சேவித்துக்கொண்டு பக்கத்தில் வந்தாயே, அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். புறப்பாடு முடிஞ்சதும் பக்தவச்சலத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்தாய். அவன் தோள்ல எலுமிச்சம்பழம் பெரிசுக்குக் காய்ப்பு இருக்கே, அது குப்பத்துல பெரிய கௌரவம்; சம்பந்தம் பேசப் போனாக்கூட மேல்துண்டை எடுத்துட்டு அதைத்தான் முதல்ல காட்டுவா. அதைப் போய் நீ கட்டைவிரலால அமுக்கி, "விரல் மரக்கிறதா?" என்று கேட்டாய். அவன் என்னைப் பார்த்தான், உன்னைப் பார்த்தான், "ஆமா சார், ஒரு வருசமா வலைக் கவுறு புடிச்சா புடிச்சா மாதிரியே இல்ல" என்றான். இருபத்தாறு வருஷமா நான் இந்தக் கோயில் மணியம், அவனும் பதினெட்டு வயசிலிருந்து தூக்கறான், ஒருநாள் கூட என்னிடம் இதைச் சொன்னதில்லை. நான் கேட்டதில்லை என்று நீ சொல்லப்போகிறாய், சொல்லாதே.

அதோட விட்டாயா? யார் தோள்ல எவ்வளவு பாரம் விழறதுன்னு பார்க்கணும்னு டேப்பை எடுத்தாய். பரீட்சை பண்ணறதுக்குப் பெருமாளைத் தூக்கப்படாது, அபசாரம்னு பட்டர் சொன்னதும் நீ என்னை ஏற இறங்கப் பார்த்து, "அத்திம்பேர், நீங்க சரியான எடை" என்றாய். புகழ்ச்சின்னு நினைச்சு நானும் தோளுக்கினியான் பல்லக்கில் ஏறி உட்கார்ந்தேன், பார். நாலு பேரும் தூக்கினா. நீ ஒரு தபால் கார்டை எடுத்துண்டு தண்டுக்கும் தோளுக்கும் நடுவுல நுழைச்சு நுழைச்சுப் பார்த்தாய். பக்தவச்சலத்திடம் கார்டு முனை கூட நுழையலை. பின்னால இருந்த ரெண்டு பேர்கிட்டேயும் கஷ்டப்பட்டு நுழைஞ்சது. முன்வரிசை இடது பக்கம் இருசப்பனிடம் வந்ததும் கார்டு சர்ருனு உள்ளே போய் அந்தப் பக்கமா வெளியே விழுந்தது. வலப்பக்கத் தண்டுக்கு ஒசரமானவா, இடப்பக்கத் தண்டுக்குக் குட்டையானவான்னு என்னிக்கோ வழக்கமாப் போயிடுத்து. அதுலயும் முன்னால பக்தவச்சலம் ஆறடிக்கு ஒரு அங்குலம் குறைச்சல், இருசப்பன் என் மார்புக்கு இருப்பான். இருசப்பன் இருபத்திரண்டு வருஷமா பெருமாளைத் தூக்கவே இல்லை, தண்டைத் தொட்டுண்டு கூட நடந்திருக்கான்னு, அவ்வளவு பேர் மத்தியில, கார்டை ஆட்டி ஆட்டிச் சொன்னாய். அவன் முகத்தைப் பார்த்தியோ? "பாரமே தெரியலியே, சாமி கிருபைன்னு நெனச்சிகினு இருந்தேனே" என்றான். அன்னிக்கு அவன் பிரசாதம் கூட வாங்கிக்காம போயிட்டான்.

அது போகட்டும். நீ கார்டு நுழைச்சிண்டிருந்த அரை மணி நேரமும் நான் தோளுக்கினியானில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தேனா, அந்தச் சமயம் பார்த்து மகாபலிபுரத்துலேருந்து சைக்கிள்ல வந்த வெள்ளைக்காரத் தம்பதி, ரெண்டு பேருக்கும் ஒரே அளவு தலைமுடி, என்னைப் பார்த்துக் கன்னத்துல போட்டுண்டு, போட்டோ எடுத்துண்டு, அவா கழுத்துல இருந்த பாசிமணியைக் கழட்டி என் கழுத்துல போட்டுட்டுப் போனா. மறுவாரமே மேலிடத்துக்கு மொட்டை மனு. "மணியம் பாஷ்யம் தன்னைத் தானே எழுந்தருளப்பண்ணிக்கொண்டு வெளிநாட்டாருக்குச் சேவை சாதித்தார், மாலை பெற்றுக்கொண்டார்" என்று. விளக்கம் கேட்டு ஓலை வந்திருக்கு. என் மைத்துனன் தபால் கார்டு நுழைப்பதற்காக உட்கார்ந்திருந்தேன் என்று விளக்கம் எழுதினால் எவன் நம்புவான்? நானே படிச்சுப் பார்த்தேன், எனக்கே நம்பிக்கை வரலை.

ஊருக்குப் போகும்போது நாலு பக்கத்துக்கு எழுதிக்கொடுத்துட்டுப் போனாயே, அதை ரதசப்தமி அன்னிக்கு அப்படியே நடத்திக் காட்டணும்னு உன் அக்கா பிடிவாதம். தம்பி படிச்சவன், தம்பி சொன்னா சரியா இருக்கும், தம்பி கம்பெனியில வருஷம் பூரா ஒருத்தருக்கும் விரல் போகலை. நீ எழுதினது: ஒன்று, காலுக்கொரு எட்டு அங்குலக் கட்டையில் இருசப்பனை ஏற்றி உயரத்தைச் சமமாக்கவும், அவனுக்குப் பின்னால் இருப்பவனுக்கும் நாலு அங்குலம். சன்னிதித் தெருவில பாதரட்சை போடப்படாதேன்னு பட்டர் ஆட்சேபணை பண்ணினார். கட்டையைக் கயிறு போட்டு வாகனத்தோட சேர்த்துக் கட்டிட்டா அது பாதரட்சை இல்லை, வாகனத்தோட கால்னு நான் ஒரு சமாதானம் கண்டுபிடிச்சேன், அந்தப் பாவம் எனக்கு. அப்புறம் தோளுக்கு ஸ்பாஞ்சு. நீயே பார்சல்ல அனுப்பினாய், உன் அக்கா அதுக்கு மஞ்சள் பட்டுல உறை தைச்சா. நூறு அடிக்கு ஒரு தரம் நின்னு இளைப்பாறணும்னு வேற. நின்ன இடத்துல கையை முன்னால நீட்டி, மேலே தூக்கி, பின்னால சுழற்றணும். அடி எண்ணறதுக்கும் விசில் ஊதறதுக்கும் ரிட்டயரான டிரில் மாஸ்டர் சிவப்பிரகாசத்தைப் போட்டோம். அவர் தெருக்கோடியில இருக்கிற சுத்த சைவர், பட்டை பட்டையா விபூதி. விசில் ஊதக் கிடைச்ச சந்தோஷத்துல காலம்பற நாலு மணிக்கே காக்கி டிராயரோட கோயில் வாசல்ல வந்து நின்னுட்டார்.

இனி செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன், மனசைத் திடப்படுத்திக்கொள். சூரியன் கிளம்பற நேரம், சூரியப்பிரபை வாகனத்துல பெருமாள், நாதஸ்வரம், குடை, எல்லாம் ஜோர். நாலு பேரும் தூக்கினா. தூக்கின மறுநிமிஷம், வேதகோஷம் கூட நிக்கலை, இருசப்பன் கட்டை மேல நின்னுண்டு, "யம்மாடி! இன்னா சாமி இது, இம்மாம் வெயிட்டா கீது!" என்று ஒரு சத்தம் போட்டான். ஊர் பூரா கேட்டது. இருபத்திரண்டு வருஷம் தூக்கினவன் இன்னிக்குத்தான் இப்படிக் கேக்கறானேன்னு கூட்டத்துல சிரிப்பு. அவன் பல்லைக் கடிச்சுண்டு நடந்தான், அதையும் சொல்லணும். கட்டை கடக் கடக்குனு குதிரை வண்டி மாதிரி சத்தம். ஸ்பாஞ்சு என்ன பண்ணித்துன்னா, அடிக்கு ஒரு தரம் பெருமாளைத் தூக்கிப் போட்டுப் பிடிச்சுது. பெருமாள் குதிச்சுக் குதிச்சு வரார். குடை பிடிக்கிறவன் அவரோட ஏறி இறங்க முடியாம திண்டாடறான். நாதஸ்வரக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, மல்லாரியை விட்டுட்டு அந்தக் குதிக்குத் தோதா வேற ஏதோ வாசிக்க ஆரம்பிச்சார். அது என்னன்னு நான் கேட்டுக்கலை, உன் அக்காவுக்குத் தெரிஞ்சிருந்தது, சிரிச்சுண்டே வந்தா.

நூறு அடியாச்சு, விசில். நின்ன இடம் எதுங்கறே? சிவப்பிரகாசத்தோட சொந்த வாசல்! நூறுன்னு அவர் சத்தியம் பண்ணறார், எண்பத்தாறுன்னு நான் சொல்றேன். கம்பெனியில நின்னா நின்னதுதான். கோயில்ல பெருமாள் ஒரு வாசல்ல நின்னா அது மண்டகப்படி. அந்த ஆத்துக்காரா தட்டு எடுத்துண்டு வரணும், கற்பூரம் காட்டணும், ஒரு வருஷம் நின்னுட்டா வருஷா வருஷம் நிக்கணும். இது உனக்குத் தெரியாதா? பெருமாள் கோயில் மணியத்தோட மைத்துனன்தானே நீ? சிவப்பிரகாசம் சாஷ்டாங்கமா விழுந்து, உள்ளே ஓடி, தட்டுல தேங்காய், பழம், நடுவுல ஒரு குவியல் விபூதி வெச்சுண்டு வந்தார். பட்டர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். அதுக்குள்ள வாகனத்தை முட்டுக்கட்டையில நிறுத்திட்டு நாலு பேரும் கையை நீட்டித் தூக்கிச் சுழற்ற ஆரம்பிச்சா, டிரில் மாஸ்டர் தட்டோடயே நின்னு "ஒன், டூ" என்கிறார். பின்னால வந்த ஜனங்களுக்கு இது உன் கம்பெனி வைத்தியம்னு தெரியுமா? ஏதோ புது விதமான சேவைன்னு நினைச்சுண்டு அத்தனை பேரும், மாமிமார் உட்பட, கையை நீட்டித் தூக்கிச் சுழற்றினா. பட்டரும் ஒரு கையைச் சுழற்றினார், நான் பார்த்தேன், அவர் இல்லைங்கறார்.

அடுத்த விசில் ஆபிரகாம் டீக்கடை. நம்ம ஆபிரகாம்தான், ஞாயிற்றுக்கிழமை தவறாம கோவளத்துல பூசைக்குப் போறவர். கும்பிட்டுண்டு வெளியே வந்து, "நம்ம வாசலாண்ட வந்து நின்னுட்டு சும்மா போனா நல்லாவா இருக்கும்" என்று கடையில தொங்கின தாரிலேருந்து ஒரு சீப்பு பழம் வெட்டிக் கொடுத்தார். அடுத்த வருஷ நோட்டீசுல தன் பேரைப் போடணும்னு இப்பவே சொல்லிட்டார். மூணாவது நூறு பஞ்சாயத்துக் குப்பைத்தொட்டி. யார் தட்டு கொண்டு வருவா? பட்டர் மாட்டேன்னுட்டார். பஞ்சாயத்து ஆபீஸ் பியூன் ஓடி வந்து, பஞ்சாயத்து சார்பா தேங்காய் உடைச்சு, தொட்டி மேலேயே தண்ணி தெளிச்சான். ஆனா இருநூத்தி அறுபதாவது அடியில சந்திரம்மாவோட ஆத்து வாசல். நாலு தலைமுறையா பெருமாள் நின்ன இடம். அவ பட்டுப்புடவையும் தட்டுமா நிக்கறா, கை நீட்டறா, விசில் வரலை, பெருமாள் குதிச்சுண்டே தாண்டிப் போயிட்டார். எழுபது வயசுப் பொம்மனாட்டி தட்டோட பின்னாலேயே ஓடி வந்தா உப்பிலி. நான் நிறுத்தச் சொல்லியிருக்கணும். நீ எழுதின காகிதத்துல "இதில் விதிவிலக்கு கூடாது"ன்னு கீழே கோடு போட்டிருந்தது.

இனிமேதான் நிஜமான கண்டம். குப்பத்துத் தெருவுல திரும்பினோம். அங்கே தெரு ஏது, மணல்தானே. ஜனங்கள் பெருமாளைப் பார்த்ததும் எப்பவும் "கோவிந்தா" போடுவா, அன்னிக்கு ஒரு சத்தம் இல்லை. எனக்கு ஒண்ணும் புரியலை. ஒரு கிழவர் சொன்னார், "இன்னா ஐயரே, சாமி கலெக்டராட்டம் நிமிந்துகினு போவுது?" அப்பத்தான் எனக்கு உறைச்சது. வலப்பக்கம் ஒசரம், இடப்பக்கம் குட்டைங்கறதால பெருமாள் இத்தனை வருஷமும் இடது பக்கம் கொஞ்சம் தலையைச் சாய்ச்சுண்டுதான் வருவார். இடது பக்கம் குப்பத்து வீடுகள். பெருமாள் சாய்ஞ்சு, ஜனங்களோட குறையைக் காது கொடுத்துக் கேட்டுண்டு போறார்னு அவா நம்பிக்கை. பொம்மனாட்டிகள் எல்லாம் இடப்பக்கமா கூடவே நடந்து, மருமகப் பிள்ளை குடிக்கறதுலேருந்து மீன் படாதது வரைக்கும் மெதுவாச் சொல்லிண்டு வருவா. நீ பெருமாளைச் சமமாக்கிட்டே. பெருமாள் நேரா உட்கார்ந்துண்டு எதிர்ல பார்க்கறார், யார் பேச்சும் காதுல ஏறலை.

அந்தச் சமயத்துல இருசப்பனோட கட்டை மணல்ல புதைஞ்சுது. ஒரு சாண் உள்ளே போயிடுத்து. அவன் காலை உருவிண்டு கட்டையை விட்டுக் கீழே இறங்கிட்டான். இறங்கினதும் வாகனம் மடக்குனு இடது பக்கம் சாய்ஞ்சுது. அவ்வளவுதான், "கோவிந்தா! சாமி கேக்குது, சாமி கேக்குது!" என்று தெருவே அலறித்து. அத்தனை பேரும் இடப்பக்கம் ஓடி வந்து ஒரே சமயத்துல குறையைச் சொல்ல ஆரம்பிச்சா. நான் சிரிச்சேன். சிரிச்சுண்டே வலப்பக்கம் திரும்பினா, பக்தவச்சலத்தோட மேல்துண்டு அவன் கையிலேருந்து நழுவிக் கீழே விழுந்திருக்கு, விரலெல்லாம் தொங்கறது, துண்டு விழுந்ததே அவனுக்குத் தெரியலை. பாரம் முழுக்க அவன் தோளுக்குப் போயிடுத்து. மூஞ்சி வெளுத்துப்போய், இடது கையால தண்டைப் பிடிச்சுண்டு, கோயில் வாசல் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தான். எனக்கு அந்த விரல்கள் கண்ணை விட்டுப் போகமாட்டேங்கறது. உன்மேல எவ்வளவு கோபமோ அவ்வளவு என்மேலயும் இருக்கு, அதை இந்தக் கடிதத்துல எழுதறதா இல்லை.

மறுநாள் செங்கல்பட்டுக்குக் கூட்டிண்டு போனா. டாக்டர் சொன்னதை மேலேயே எழுதிட்டேன். நேத்து சாயங்காலம் பக்தவச்சலம் பெண்டாட்டி குப்பம்மா கோயில் ஆபீசுக்கு வந்தா. தலையில மீன்கூடையோட, செருப்பு கூடப் போடாம, விடுவிடுனு உள்ளே வந்து, "இன்னா ஐயரே, மகத்துக்கு எங்க வூட்டுக்காரரு வர்லன்னா எடம் பூடும்னு டிரஸ்டி சொன்னாராமே?" என்றாள். வழக்கம் அப்படித்தான்மா, தலைமுறையா வர்ற இடம்னு நான் இழுத்தேன். "கை போச்சுன்னா எடத்த வெச்சிகினு நாக்கு வழிக்கவா? சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். எங்க வூட்டு அடுப்பு கேட்டா யார் பதில் சொல்றது, நீயா?" என்றாள். நான் மணியம், என்னை நீ என்று ஒருத்தி சொன்னதே இல்லை. பக்தவச்சலம் மட்டும், "எங்க அப்பன் நின்ன எடம், சாவறவரைக்கும் நான் தூக்குவேன்"னு பிடிவாதம் பிடிக்கறானாம். அவனைப் புதுப்பட்டினத்துல தன் தங்கை வீட்டுல கொண்டுபோய்ப் போட்டு, மகம் முடியற வரைக்கும் வாசலைத் தாண்டினா காலை ஒடிப்பேன்னு சொல்லிட்டு வந்திருக்காளாம்.

குப்பத்துக் கூட்டத்துல என்ன முடிவாச்சுன்னா, மகத்தன்னிக்கு சாமி பழைய மாதிரி சாய்ஞ்சு வரணும், நிமிர்ந்து வந்தா தெருவுக்குள்ள விடமாட்டோம், கடல்ல இறங்கவும் விடமாட்டோம். சாய்ஞ்சு வரணும்னா முன்வரிசை வலப்பக்கத்துல பக்தவச்சலம் ஒசரத்துக்கு ஆள் வேணும். குப்பத்துல மீதி எல்லாரும் என் தோளுக்கு இருக்கா. பெருமாள் ஆசனத்துக்குக் கீழே ஒரு ஆப்பு வைச்சுச் சாய்ச்சுடலாமேன்னேன். ஆசனத்துல கை வைச்சா கும்பாபிஷேகம் மாதிரி சம்ப்ரோட்சணம் பண்ணணும்னு பட்டர் என்னை விரட்டிட்டார். இருசப்பனைக் குழியில நடக்க வைக்கலாம்னு ஒரு யோசனை வந்தது. கோயிலிலேருந்து கடல் வரைக்கும் குழி வெட்ட பஞ்சாயத்து ஒத்துக்கலை. பன்னண்டு நாழி யோசிச்சு நான் கண்ட ஒரே வழி இதுதான், கவனமாப் படி: நீ உன் கம்பெனிக் காகிதத்தில், சீல் போட்டு, "நான் பொங்கலுக்கு வந்தபோது செய்த பரீட்சை தவறு. தபால் கார்டு ஈரமாக இருந்தது. பெருமாள் சாய்ந்து வருவதே சாஸ்திரப்படியும் விஞ்ஞானப்படியும் தோளுக்கு நல்லது. யாருக்கும் எதுவும் மரக்கவில்லை" என்று எழுதி உடனே அனுப்பு. அதை டிரஸ்டியிடமும் குப்பம்மாவிடமும் காட்டி எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடுகிறேன். நீ மட்டும் இனிமேல் இந்த ஊர்ப் பக்கம் தலை வைத்துப் படுக்காதே. உன் அக்காவைப் பார்க்கவேண்டுமானால் கேளம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்கு அழைத்து வருகிறேன், அங்கேயே பார்த்துவிட்டுத் திரும்பிப் போ. டேப்பை எடுத்து வராதே.

மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. காமுவுக்கு என் ஆசீர்வாதங்களைச் சொல்லவும். உன் அக்கா வடாம் இட்டு வைத்திருக்கிறாள், தக்க மனிதர் கிடைத்தால் கொடுத்தனுப்புகிறோம். சகல சௌபாக்கியங்களும், பூரண ஆயுளும், நிமிர்ந்த முதுகெலும்பும் உனக்கு உண்டாகப் பெருமாளைப் பிரார்த்திக்கும்,

உன் அத்திம்பேர்
வெ. பாஷ்யம்
கோயில் மணியம்

பின்குறிப்பு: கவரை ஒட்ட எச்சில் தொட்ட நேரத்தில் குப்பம்மா மறுபடி வந்துவிட்டாள், கூடவே டிரஸ்டி, கூடவே இருசப்பன், இன்னும் பாதிக் குப்பம். குப்பம்மா நின்றபடியே கேட்டாள்: "பொங்கலுக்கு வந்து கார்டு வெச்சிப் பாத்தாரே ஒரு அண்ணாத்த, அவரு இன்னா ஒசரம்?" நான் கவரை ஒட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். உன் அக்கா அடுக்களையிலிருந்து, "அஞ்சடி பதினோரு அங்குலம்" என்று பதில் சொல்லிவிட்டாள். புதுப்பட்டினத்துக்கு ஆள் போய் பக்தவச்சலத்தைக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்களாம். அப்பன் நின்ன இடத்தை யாருக்கும் விடமாட்டேன் என்றவன், உன் பேரைச் சொன்னதும், "என் கைய புடிச்சி வலிக்குதான்னு கேட்டவரு அவரு ஒருத்தருதான். அவரு நிக்கட்டும்" என்றானாம். குப்பம்மா இதைச் சொல்லும்போது அழுதாள். நேற்று ராத்திரி அவன் வலது கையாலேயே சோறு பிசைந்து சாப்பிட்டானாம். ஆகையால் மேலே எழுதினது அத்தனையும் அடித்துவிடு. காகிதமும் வேண்டாம், சீலும் வேண்டாம், கேளம்பாக்கமும் வேண்டாம். ஆபீசில் நாலு நாள் லீவு சொல்லிவிட்டு செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் இங்கே வந்து சேர். சந்திரம்மா வாசலில் நின்று போகவேண்டும், மற்ற இடத்தில் எங்கேயும் நிற்க முடியாது. காமுவையும் அழைத்துக்கொண்டு வா. திரும்பிப் போகும்போது உன்னை பஸ்ஸில் ஏற்ற ஒரு ஆள் வேண்டியிருக்கும்.